பஹாட் பாய் விழுந்த கதை

என் வீட்டுக்காரர் கலேப் நூற்று நாற்பத்தாறு கிலோ. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரைப் பற்றி யாரிடம் பேச ஆரம்பித்தாலும் இரண்டாவது கேள்வியாக அதைத்தான் கேட்கிறார்கள். முதல் கேள்வி, அந்தக் குஸ்தியெல்லாம் நிஜமா சும்மாவா என்பது. அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்வார்கள். ஆனால் விழுவது நிஜம். பலகை மேல் அத்தனை கிலோ விழுந்தால் விழுந்ததுதான். பன்னிரண்டு வருடம் அந்த முதுகுக்குத் தைலம் தேய்த்தவள் நான், எனக்குத் தெரியாதா?

அவர் விழக் கற்றுக்கொண்டது குஸ்திக்காரர்களிடம் அல்ல. செகந்தராபாத்தில் அவர்களுடைய தமிழ்ச் சபையில். நான் கத்தோலிக்கப் பெண், கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்தச் சபையைப் பார்த்தேன். அங்கே வருடா வருடம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் நாடகம் போடுவார்கள். ஒரு சின்னப் பையன் கவணில் கல் எறிந்து ஒரு ராட்சசனை வீழ்த்துகிற கதை. பத்து வயதிலேயே இவர் பார்க்கப் பதினாறு மாதிரி இருந்தாராம், அதனால் ராட்சசன் வேஷம் இவருக்கே. கல் என்பது சுருட்டிய காகிதம். அது நெற்றியில் படுவதற்கு முன்பே இவர் தொப்பென்று விழுந்துவிடுவாராம். "கல்லு வர்றதுக்குள்ள உனக்கு என்னடா அவசரம்?" என்று நாடகம் சொல்லிக்கொடுத்த அண்ணன் காதைத் திருகுவாராம். எறிகிற பையனுக்குக் குறி தவறிவிட்டால் அவமானமாகிவிடுமே என்று இவருக்குப் பயம். மாமியார் இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

மாமனார் எபனேசர் ரயில்வேயில் இருந்தவர். மல்காஜ்கிரியில் வீடு கட்டியதும் அவர்தான். அந்த வழியில் இவருக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. நிஜமான குஸ்தியில், கனமான எடைப் பிரிவில், இரண்டு தடவை மண்டல அளவில் மெடல் வாங்கியிருக்கிறார். எண்பத்தெட்டில் எங்கள் கல்யாணம். அடுத்த வருடம் மகள் பிறந்தாள். ஜெர்மனியில் சுவரை இடித்த அதே வாரம், அதனால் மாமனார் பெர்லின் என்று பெயர் வைத்தார்.

எங்கள் வீட்டுக் கட்டில்தான் அவளுக்கு முதல் குஸ்தி மேடை. மூன்று வயதில் அவர் மேல் ஏறி மிதிப்பாள். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இரண்டு முறை அழுத்துவார். "இப்ப டாடி விழப்போறேன், நீ தள்ளு" என்று அதற்கு அர்த்தம். அவள் ஒற்றை விரலால் தள்ளுவாள், அவர் கட்டில் சட்டம் முறிகிற மாதிரி மல்லாந்து விழுவார். இரண்டு கட்டில் மாற்றினோம்.

தொண்ணூற்று ஒன்பதில் சாரங்கபாணி வந்தார். சித்தூர்ப் பக்கத்து ஆள், கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக் குஸ்தியை ஊர்ப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதைப் பார்த்து, நாமே ஒரு குழு போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. போவன்பள்ளிக் காய்கறி மார்க்கெட்டை ஒட்டி ஒரு கிடங்கு எடுத்து, வைக்கோல் திணித்த சாக்குகளைப் பரப்பி, எட்டுப் பேரைச் சேர்த்தார். இவரைத் தேடி வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்.

"கலேப், நீ ஜெயிக்கிறத எவன் பார்ப்பான்? நீ விழுறதப் பார்க்க ஊரே வரும்பா."

எவ்வளவு பெரிய மரியாதை. வேறு ஆளாக இருந்தால் எழுந்து போகச் சொல்லியிருப்பான். இவர் முகம் மலர்ந்து, "ஹவ், ஆமா, அது நமக்கு நல்லா வரும்" என்றார். ஆறு மாதத்தில் ரயில்வே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். மாமனார் அதற்குப் பிறகு இவரிடம் பேசவே இல்லை, சாகும்வரை.

குழுவில் இவருக்கு வைத்த பெயர் பஹாட் பாய். பஹாட் என்றால் மலை. கிடங்கில் பயிற்சி நடக்கும்போது மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள். ஒரு நாள் ஒருவர் விளையாட்டாக ஒரு முழு முட்டைகோஸை எறிந்தார். இவர் அதைப் பிடித்து ஒரு கடி கடித்து, மென்றுகொண்டே போய் எதிராளியைத் தூக்கிச் சுற்றினார். அன்றிலிருந்து முட்டைகோஸ் இல்லாமல் பஹாட் பாய் மேடை ஏறியது கிடையாது. கடித்த மிச்சத்தை உடைத்து முன்வரிசைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். வீட்டில் பொரியல் வைத்தால் தொடாத பிள்ளைகள் இவர் கையால் வாங்கிப் பச்சையாகத் தின்றன.

நான் கான்வென்ட் பள்ளியில் தையல் டீச்சர். அவருடைய மேடை உடுப்பைத் தைத்தது நான்தான். ஆரஞ்சும் கறுப்பும் பட்டைபட்டையாக, இரண்டு ஆளுக்கு ஆகிற துணி. உள்பக்கம் இடுப்பிலும் பின்பக்கத்திலும் ரெக்ஸின் கடையில் வாங்கிய ஸ்பாஞ்சை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்திருந்தேன். வெளியே தெரியாது. அது தெரியாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் விழும்போதெல்லாம் ஊர் கைதட்டியது, நான் ஸ்பாஞ்சை நினைத்துக்கொண்டேன்.

நான்கு வருடம் நன்றாகத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை கேபிளில் காட்டினார்கள். ஆட்டோக்களின் பின்னால் அவர் படம் ஒட்டியிருந்தது. வாரங்கல், நிஜாமாபாத் என்று போனால் கூட்டம் அவரைத் தொட்டுப் பார்க்கும். தோற்கிற ஆளுக்கு இவ்வளவு ரசிகர்களா என்று சாரங்கபாணியே ஆச்சரியப்பட்டு, ஒரு தடவை இவரை ஜெயிக்க வைக்கலாம் என்று முடிவு செய்தார். இரண்டாயிரத்து நான்கில் செகந்தராபாத்தில் நடந்த ஆட்டம். எதிரில் பாலா என்ற இருபத்திரண்டு வயதுப் பையன். அவன் விழ வேண்டும், இவர் சாம்பியன் பெல்ட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நானும் புது உடுப்பு தைத்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன். கடைசி நிமிடத்தில் இவர் பாலாவின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அடுத்த நொடி மல்லாந்து கிடந்தார். பாலா திருதிருவென்று விழித்துக்கொண்டு பெல்ட்டோடு நின்றான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏங்க, எதுக்கு அப்படி செஞ்சீங்க?"

"அவன் அம்மா முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க புஷ்பம். தூத்துக்குடியிலிருந்து வந்திருக்காங்க. அந்த அம்மா முன்னாடி அவன எப்படி விழ வைக்கிறது?"

"நானும்தானே முன்னாடி உட்கார்ந்திருந்தேன்."

உலகத்தில் யார் அம்மா வேண்டுமானாலும் சந்தோஷப்படலாம், கட்டியவள் மட்டும் ஸ்பாஞ்சு வாங்க அலைய வேண்டும்.

பெர்லின் விஷயத்துக்கு வருகிறேன், அதைச் சொல்லத்தான் இத்தனையும். அவள் ஆறாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் பெற்றோர் நாளுக்கு இவர் போனார். பிள்ளைகள் அடையாளம் கண்டு சூழ்ந்துகொண்டார்கள். யாரோ ஒரு பையன், "அங்கிள், எங்களுக்காக ஒரு தடவ கிர் ஜாவோ" என்று கேட்டான், விழச் சொல்லி. இவரும் கோட்டு சூட்டோடு விளையாட்டு மைதானத்து மண்ணில் மல்லாந்து விழுந்தார். பள்ளியே சிரித்தது. இன்னொரு தடவை என்றார்கள், இன்னொரு தடவையும் விழுந்தார். பெர்லின் தண்ணீர்க் குழாய் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். அன்று சாயங்காலம் அவள் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "மம்மி, டாடி ஏன் யார் சொன்னாலும் விழுறாரு?"

அதற்குப் பிறகு பள்ளியிலிருந்து வரும் கடிதம் எல்லாம் என் கைக்குத்தான் வந்தது. "டாடி வேணாம் மம்மி, நக்கோ. நீ மட்டும் வா" என்பாள். கல்லூரியிலும் அப்படியே. இரண்டாயிரத்துப் பதினொன்றில் கச்சிபௌலியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று அங்கே சொல்லி வைத்திருந்தாள். பாதி உண்மைதான். எனக்கு அவள் மேல் கோபம் உண்டு, ஆனால் மைதானத்தில் மண்ணோடு எழுந்து நின்று சிரித்த இவரை நினைத்தால் அவள் மேல் மட்டும் கோபப்படவும் முடியவில்லை.

இவருக்கு ஒரே ஒரு ஆசை. பெல்ட்டும் வேண்டாம், படமும் வேண்டாம். "ஒரு நாள் அவளா நாலு பேர் முன்னாடி சொல்லுவா புஷ்பம், இதுதான் எங்க டாடின்னு. அவளுக்கு நேரம் வேணும், அவ்ளோதான்." பத்து வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்குள் குழு சிதறிவிட்டது. இரண்டாயிரத்து எட்டில் சாரங்கபாணி மேடையை விற்றுவிட்டு, கம்பெனிக்காரர்களை ஏற்றிச் செல்லும் கார்கள் ஓட்ட ஆரம்பித்தார். பெர்லினை தினமும் கூட்டிப்போவதே அவருடைய வண்டிகளில் ஒன்றுதான். பாலா எங்கோ ஜிம்மில் பயிற்சியாளர். இவர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தார். கடைத் திறப்பு விழா, பிறந்த நாள் விருந்து, கம்பெனி நிகழ்ச்சிகள். கம்பெனி நிகழ்ச்சிகளில் எதிராளி கூடக் கிடையாது. ஊழியர்கள் வரிசையாக வந்து தள்ளுவார்கள், கடைசியில் மேனேஜர் தள்ளும்போது இவர் விழ வேண்டும். மேனேஜர்களுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு டிசம்பரில் ஓர் ஏஜென்ட் போன் செய்தான். கச்சிபௌலியில் ஒரு கம்பெனி, ஃபேமிலி டே. பெயரைச் சொன்னதும் இவர் என்னைப் பார்த்தார். பெர்லினின் கம்பெனி. ஊழியர்கள் அப்பா அம்மாவை அழைத்துவந்து தங்கள் இடத்தைக் காட்டுகிற நாள் அது. போன வாரம்தான் பெர்லின் எங்களிடம், கல்யாணமானவர்களுக்கு மட்டும்தான் ஃபேமிலி டே என்று சொல்லியிருந்தாள்.

"போகாதீங்க," என்றேன்.

"ஃபேமிலி டே புஷ்பம். நாம ஃபேமிலிதானே."

"அவ கூப்பிடலைங்க."

"நேர்ல பார்த்தா சொல்லிடுவா. எல்லார் அப்பா அம்மாவும் இருப்பாங்க, அவளுக்கும் தோணும்." ஷேவ் செய்துகொண்டே சொன்னார். அவ்வளவு கவனமாக அவர் மீசையைத் திருத்தி நான் பார்த்ததில்லை.

வழக்கம் போல் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வாசலில் ஒரு பெண் எல்லாப் பெற்றோருக்கும் ரோஜாப்பூ கொடுத்து, பெருமைப்படும் பெற்றோர் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த ஸ்டிக்கரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒட்டக் கையை நீட்டியவள், பையையும் அவரையும் பார்த்துவிட்டு, புரோகிராம் ஆட்கள் பின்பக்கமாகப் போக வேண்டும் என்று வழி காட்டினாள். ஸ்டிக்கர் அவள் விரலிலேயே இருந்தது.

பின்னால் ஏஜென்ட் ஒரு வெள்ளை உடுப்பைக் கொடுத்தான். கம்பெனி முத்திரை போட்ட உடுப்பு, அதைத்தான் போட வேண்டுமாம். போனில் அளவு கேட்டது இதற்குத்தான். துணி வெங்காயத் தோல் மாதிரி. என் உடுப்பைக் கீழே போட்டு அதன் மேல் இதைப் போடுங்கள் என்றேன். போட்டுப் பார்த்தார், ஆரஞ்சுப் பட்டை வெளியே தெரிந்தது. ஏஜென்ட் முடியாது என்றான். "ஒரு நாள்தானே புஷ்பம்," என்று சொல்லி ஸ்பாஞ்சைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

முட்டைகோஸோடு அவர் மேடை ஏறியதும் கூட்டம் ஆரவாரித்தது. சின்ன வயதில் கேபிளில் பார்த்த பிள்ளைகள் அல்லவா, பஹாட் பாய், பஹாட் பாய் என்று கத்தினார்கள். நான் ஓரமாக நின்று பெர்லினைத் தேடினேன். ஐந்தாவது வரிசையில் சிநேகிதிகளோடு இருந்தாள். அவள் மட்டும் கைதட்டவில்லை. கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு டீமிலிருந்தும் ஒருவர் வந்து தள்ள வேண்டும். ஏழெட்டுப் பேர் வந்தார்கள், இவர் அசையவில்லை. கடைசியில் ஒரு டீம், இருப்பதிலேயே ஒல்லியான ஆளை அனுப்பினால்தான் வேடிக்கை என்று, "பெர்லின், பெர்லின்" என்று மேசையைத் தட்ட ஆரம்பித்தது. அவள் தலையை ஆட்டி மறுத்தாள். இரண்டு சிநேகிதிகள் இழுத்துக்கொண்டு வந்து மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

அவருக்கு முன்னால் அவள் நின்றாள். தலை அவர் நெஞ்சு உயரம்கூட இல்லை. அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார், பஹாட் பாய் சிரிப்பு இல்லை, வீட்டில் சிரிக்கிற சிரிப்பு. சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். மைக்கும் பக்கத்திலேயே இருந்தது. அவள் கண் கலங்கியது, வாய் லேசாகத் திறந்தது. அதற்குள் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இரண்டு முறை அழுத்தியதை நான் பார்த்தேன். அவளுக்கு அது மறந்திருக்காது. ஒற்றைக் கையால் தள்ளினாள்.

பன்னிரண்டு வருடத்தில் அப்படி ஒரு விழுதலை நான் பார்த்ததில்லை. தோளைக் கொடுத்துப் பக்கவாட்டில் விழுவதுதான் முறை, ஆனால் இத்தனை ஒல்லியான பெண் தள்ளி அப்படி விழுந்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று நேராக, மரம் மாதிரி விழுந்தார். மேடை இரண்டு தடவை அதிர்ந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நிகழ்ச்சி நடத்திய பெண் பெர்லினின் கையைத் தூக்கிப் பிடித்து மைக்கில் கேட்டாள், "இந்தச் சாதனையைப் பார்க்க உங்க பேரன்ட்ஸ் வந்திருக்காங்களா?"

"நோ," என்றாள் பெர்லின். "அவுட் ஆஃப் ஸ்டேஷன்."

இவர் படுத்தபடி அதைக் கேட்டார். எழுந்திருக்கவில்லை. நடிப்பு என்று எல்லோரும் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவருடைய இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. நடிப்பில் பாதம் அப்படித் திரும்பாது. கையில் இருந்த ஸ்பாஞ்சு உடுப்பைப் போட்டுவிட்டு மேடைக்கு ஓடினேன்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அன்று சாயங்காலமே பெர்லின் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். அழுதாள், காலைப் பிடித்துவிட்டாள், மறுநாள் காய்ச்சல் என்று லீவு போட்டு உட்கார்ந்திருந்தாள். "விடு பாப்பா, நல்லா தள்ளின" என்று இவர் அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார். எனக்கு இருவர் மேலும் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் என்ன சொல்வேன் என்று தெரியாமல் ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே இருந்தேன்.

பதினோரு மணிக்கு ரகுநாதன் என்பவர் பூங்கொத்தும் ஒரு ஃபாரமும் எடுத்துக்கொண்டு வந்தார். பெர்லினின் கம்பெனியில் ஊழியர் நலன் பார்க்கிறவர், கும்பகோணத்துக்காரர். நிகழ்ச்சிக்கு எடுத்திருந்த காப்பீட்டுக்காக விவரம் எழுத வேண்டுமாம். கட்டிலின் அந்தப் பக்கம் பெர்லினைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அடடே பெர்லின், நீங்க எங்க இங்க? உடம்பு சரியில்லன்னு மெயில் போட்டிருந்தீங்களே."

அறையில் வேறு யாரும் இல்லை. நான் உரிப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சார், இவங்க…" என்று ஆரம்பித்தாள். சத்தியமாக ஆரம்பித்தாள், நான் கேட்டேன்.

"நம்ம சர்ச்சுப் பொண்ணு சார்," என்றார் இவர். "நேத்து நான் விழுந்ததுல பயந்துபோச்சு. பாவம், பார்க்க வந்திருக்கு."

"அப்படியா. நல்ல மனசு," என்றார் ரகுநாதன். பெர்லினின் வாய் மூடிக்கொண்டது. அவள் எதைச் சொல்ல வந்தாள் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் இந்த மனுஷன் பொறுத்திருக்கக் கூடாதா? கல் வருவதற்குள் என்ன அவசரம்?

ரகுநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்ப ஆரம்பித்தார். பெயர், வயது, விலாசம். மனைவி பெயர் மரியபுஷ்பம் என்று எழுதிக்கொண்டார்.

"குழந்தைங்க, சார்?"

நான் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து நிமிர்ந்தேன். அதற்குள் கட்டில் ஓரத்தில் இருந்த என் கையை இவர் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரிய கை சூடாக இருந்தது. மணிக்கட்டில் இரண்டு முறை அழுத்தினார்.

"இல்ல சார்," என்றார்.

ரகுநாதன் அப்படியே எழுதிக்கொண்டு, சாட்சிக் கையெழுத்துக்காக ஃபாரத்தை என் பக்கம் திருப்பினார். பேனா கொண்டுவர மறந்துவிட்டேன் என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. ரகுநாதன் தன் பேனாவை நீட்டுவதற்குள் பெர்லின் கைப்பையைத் திறந்து அவளுடைய பேனாவை எடுத்துக் கொடுத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.